ஈசருக்கென்று வைத்த புடலங்காய்

கொழிஞ்சிப்பாளையத்தின் ஆற்றங்கரையில், கரையீசர் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு புடலைப் பந்தல் இருந்தது. அந்தப் பந்தலின் கீழ் நாளெல்லாம் குனிந்தும் நிமிர்ந்தும் வேலை செய்தவர் பழனாத்தாள் அம்மையார். கணவர் காலமான பின், குத்தகைக்கு எடுத்த அந்தத் துண்டு நிலமும், தண்ணீர் இறைக்க ஒரு குடமும், வாயில் சிவநாமமுமே அவருக்கு மிஞ்சியவை.

புடலம்பிஞ்சு பாம்புபோல் சுருளும் குணம் உடையது. அதன் நுனியில் சிறு கல் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால்தான் நேராக நீளும். பந்தல் போடும் எல்லாரும் செய்வதுதான் இது. பழனாத்தாள் அம்மையார் மட்டும் அந்தக் கல்லை வழியில் கிடந்ததிலிருந்து எடுக்க மாட்டார். கோயில் படித்துறையில் இறங்கி, ஆற்று நீர் உருட்டிய உருண்டைக் கற்களாகப் பார்த்துப் பொறுக்குவார். வாழை நாரை நனைத்துக் கல்லைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக முடிந்து, ஒரு சின்னக் கூடுபோலச் செய்வார். முடிச்சு விழும்போது “சிவ சிவ” என்பார். பார்க்கிறவர்களுக்குக் கல், அவருக்கு அது ஈசரின் திருமேனி. “சாமி தொங்குறாரு, காய் நிமிர்ந்துக்குது” என்று சொல்லித் தாமே சிரித்துக்கொள்வார்.

காய் முற்றும் முன் பறித்து, கற்களைக் கழற்றிப் பந்தலடியில் குவித்துவிட்டு, வெளிச்சம் பரவும்போது ஆலாம்புதூர் உழவர் சந்தைக்குக் கூடையுடன் போய்ச் சேர்வார். பனி ஈரம் காயாத கீரைக்கட்டுகள், மண் ஒட்டிய சின்ன வெங்காயம், காம்பில் பால் வடியும் சுரைக்காய் என்று சுற்றுப்பட்டி விளைச்சல் எல்லாம் அங்கே வரும். பட்டணத்து வீடுகளிலிருந்து பையோடு வருகிறவர்கள் பழனாத்தாள் அம்மையாரின் காயை முகர்ந்து பார்த்தே வாங்குவார்கள்.

“ஏனாத்தா, உங்க காய்ல மட்டும் கசப்பே இருக்கறதில்லையே, என்ன ஒரம் போடறீங்க?” என்று ஒருத்தி கேட்டாள்.

“எரு தானுங்க கண்ணு. அப்புறம் நாளெல்லாம் சாமி பேரச் சொல்லிச் சொல்லித் தண்ணி ஊத்தறேன். அதுல எது ஒரமுன்னு எனக்குத் தெரியலீங்க.”

கொசுறாக ஒரு கொத்துக் கருவேப்பிலையை அவள் பையில் போட்டு அனுப்பினார்.

ஒவ்வொரு நாளும் பறித்ததில் மிக நல்ல காய் ஒன்று விற்பனைக்கு இல்லை. அது ஈசருடையது. விற்கும் காயோடு கலந்துவிடாமல் இருக்க, அந்த ஒன்றில் மட்டும் கல்லைக் கழற்றாமல் வைத்து, ஈரத்துணியில் சுற்றிக் கூடையின் ஓரத்தில் படுக்க வைப்பார். சந்தை முடிந்து திரும்பும்போது படித்துறையில் உட்கார்ந்து, கல்லை நாரோடு கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, காயை ஆற்றில் கழுவிக் கோயில் மடைப்பள்ளியில் கொடுப்பார். பாசிப்பருப்புக் கூட்டாகி, ஈசருக்குப் படைக்கப்பட்டு, நடுப்பகலில் வரும் ஏழை எளியவர்களின் இலையில் அது விழும். அதைத் தூரத்தில் நின்று ஒரு கணம் பார்ப்பார். பிறகு வீட்டுக்குப் போய்த் தம் பழைய சோற்றை உண்பார்.

ஓர் ஆடி மாதக் காற்றில் பந்தல் முழுதும் சாய்ந்தது. “தெனமும் சாமிக்குக் குடுத்தியே, பாத்தியா, உம்பட பந்தலையே தள்ளிப் போட்டாரு!” என்று அண்டை வீட்டார் கேலி பேசினார்கள். அம்மையார் கோபிக்கவில்லை. சாய்ந்த கால்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி நட்டுக்கொண்டே, “சாமி பெருமூச்சு விட்டிருப்பாரு. அவருக்கும் என்ன கஷ்டமோ” என்றார். அந்த வாரம் முழுதும் ஒரே ஒரு காய்தான் தப்பியது. அதுவும் மடைப்பள்ளிக்கே போயிற்று.

சந்தையில் அவருக்குப் பக்கத்துக் கடை தெய்வசிகாமணி என்பவருடையது. அரசாணிக்காய் என்னும் பரங்கிக்காய் விற்கும் அவர் நல்ல மனிதர். ஆனால் எதற்கும் பயப்படுகிறவர். எடை குறைந்ததென்று ஒருமுறை அவர்மீது புகார் எழுந்து, இன்னொரு புகார் வந்தால் கடை போய்விடும் என்று சந்தை அதிகாரி எச்சரித்திருந்தார். மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம் அது. ஈரத்துணிக்குள் இருக்கும் காய் ஈசருடையது என்பது சந்தையில் சிகாமணி ஒருவருக்குத்தான் தெரியும்.

புரட்டாசி முடியும் தறுவாயில் ஒருநாள் காலை, கைக்குழந்தையோடு வந்த ஓர் இளம்பெண்ணின் பை சந்தை வாசலில் அறுந்தது. தக்காளியும் வெங்காயமும் சாலையில் உருண்டோட, வண்டிகள் வந்துகொண்டிருந்தன. அம்மையார் எழுந்தார். “சிகாமணி, கடையப் பாத்துக்க சாமி, தா வந்தர்றேன்” என்று சொல்லிவிட்டு ஓடினார். தம் முந்தானையிலேயே காய்களைப் பொறுக்கி, அறுந்த பையை முடிந்து அதில் போட்டு, அந்தப் பெண்ணைப் பேருந்தில் ஏற்றிவிட்டுத்தான் திரும்பினார்.

அந்த இடைவெளியில் வந்து நின்றவர் நல்லமுத்து மணியகாரர். கரையீசர் கோயில் அன்னதானத்தை மேற்பார்வை செய்பவர். ஈசரின் சோற்றில் ஒரு தூசு விழக்கூடாது என்று கண்டிப்பாக இருப்பவர். கூடையைப் பார்த்ததும் அவர் புருவம் உயர்ந்தது.

“நல்ல காயத் துணியில ஒளிச்சு வெச்சுட்டு, மத்ததத் தள்ளி உடறீங்களா? அதை எடு.”

“அது வந்துங்… அந்த ஆத்தா…”

“எடுங்கறேன்!”

இன்னொரு புகாரை நினைத்துச் சிகாமணி பயந்துபோனார். துணியைச் சரியாகப் பிரிக்கக்கூட இல்லை. காயை இழுத்துத் தராசில் வைத்து, அப்படியே நாளிதழில் சுருட்டிக் கொடுத்தனுப்பினார். நுனியில் தொங்கிய கல் அவர் நினைவுக்கு வந்தபோது மணியகாரரின் வண்டி கிளம்பிவிட்டது.

அம்மையார் கடைக்கு வந்து சேர்ந்த சற்று நேரத்தில் அதே வண்டி திரும்பி வந்தது. மணியகாரர் கையில் நார்க்கூடு கட்டிய கல் இருந்தது.

“அருவாமனை வாய் மழுங்கிப் போச்சுன்னு என்ற ஊட்டுக்காரி கத்தறா! கல்லோட நிறுத்து விக்கிறீங்களா? வயசான காலத்துல இதென்ன பொழப்பு? இந்தக் கையிலதான் எங்க சாமிக்குத் தெனமும் காய் வருதா?”

சந்தை முழுதும் திரும்பிப் பார்த்தது. அம்மையார் அந்தக் கல்லைப் பார்த்தார். பிறகு ஒதுங்கிக் கிடந்த ஈரத்துணியைப் பார்த்தார். கடைசியாகச் சிகாமணியைப் பார்த்தார். அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்க அவர் முதல் நாள் தம் வீட்டுக்கு வந்தது அம்மையாருக்கு நினைவு வந்தது.

“என்ற கடையில வந்த தப்புங்க,” என்றார் அம்மையார். “நாந்தான் பொறுப்பு. மன்னிச்சுக்கோங்.”

மணியகாரர் கல்லை அவர் கூடையில் எறிந்துவிட்டுப் போனார். சந்தை அதிகாரி, விசாரித்து முடிக்கும்வரை உள்ளே கடை போடக் கூடாது என்று சொல்லி அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். அம்மையார் கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே, புளியமரத்தடியில் போய் அமர்ந்தார். வழக்கமாக வருகிறவர்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். “கல்லாத்தா, இன்னிக்குக் காய் என்ன வெல? கல்லு என்ன வெல?” என்று சிலர் கேட்டார்கள்.

“காய்க்குத்தானுங்க வெல. கல்லு எனக்கு வேணுமுங்க” என்றார் அவர்.

இடம் போனதற்கும் பேர் போனதற்கும் அவர் கலங்கவில்லை. அவரைக் கலக்கியது வேறொன்று. மறுநாள் வழக்கம்போல் ஈசரின் காயைக் கழுவி எடுத்துக்கொண்டு மடைப்பள்ளி வாசலுக்குப் போனபோது, சமையல்காரர் கதவுக்கு வெளியே வந்து தலையைக் குனிந்துகொண்டார்.

“மணியகாரர் உத்தரவுங் ஆத்தா. உங்க காய உள்ள எடுக்கக் கூடாதுன்னுட்டாரு.”

அம்மையார் காயை நெஞ்சோடு அணைத்தபடி படித்துறைக்குத் திரும்பினார். ஈசருக்கென்று வைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை, விற்கவும் முடியாது. படியில் உட்கார்ந்து, “சாமி, என்ற காய் உனக்கு ஆகாதுன்னு நீ சொன்னாப் பொறுத்துக்குவேன். சொல்லு” என்று கேட்டு அழுதார். கணவர் போனபோதும் அவர் அப்படி அழுததில்லை.

“ஆத்தா, அது யாருக்குக் கொண்டாந்த காய்?”

கீழ்ப்படியில் ஓர் ஆட்டுக்காரர் நின்றிருந்தார். அழுக்கு வேட்டி, தோளில் கம்பளி, செம்பட்டையேறிய சடை. நாலைந்து ஆடுகள் கரையில் புல் கடித்துக்கொண்டிருந்தன.

“சாமிக்குங்க. வேண்டாம்னுட்டாங்க.”

“வேண்டாம்னது யாரு? சாமியா?”

“இல்லீங்க. வாசல்ல நின்னவங்க.”

“அப்பப் பசிச்சவனுக்குக் குடு.”

அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஊட்டுக்கு வாங்க சாமி, பருப்புப் போட்டுக் கூட்டு வெச்சுத் தர்றேன். பச்சைக்காய எப்படித் திம்பீங்க?”

“உலை கொதிக்கறதுக்குள்ள ஆடு ஊரு தாண்டிரும். இப்படியே குடு.” வாங்கி, அங்கேயே கடித்து மென்றார். பிறகு அம்மையாரின் மடியைக் கம்பால் சுட்டிக் காட்டினார். “அந்தக் கல்லையும் குடு. ஆட்ட முடுக்க ஆவும்.”

அன்று முதல் அது வழக்கமாயிற்று. சந்தை முடிந்ததும் காயை மடைப்பள்ளி வாசலில் காட்டுவார், கதவு திறக்காது. படித்துறைக்கு வந்தால் ஆட்டுக்காரர் காத்திருப்பார். காயையும் கல்லையும் வாங்கிக்கொள்வார். பச்சைக்காயைத் தின்னும் அந்த மனிதரை நினைத்து அம்மையாருக்கு மனம் ஆறவில்லை. ஆலிலைத் துண்டில் கொஞ்சம் உப்புக்கல் மடித்துக் கொண்டுபோனார். ஆட்டுக்காரர் தொட்டுத் தின்றுவிட்டு, “இத இத்தன நாளா யாரும் எனக்குத் தரலையே” என்றார்.

“உங்க பேரு என்னங்?”

“கூப்புடறவங்க கூப்புடறதுதான் பேரு.”

“ஊடு எங்கைங்?”

“இங்கதான். ரெண்டு எட்டு.”

அதற்குமேல் கேட்பது மரியாதையல்ல என்று அம்மையார் விட்டுவிட்டார். பசித்தவர் வயிறு நிறைவதைப் பார்க்கும்போது, மடைப்பள்ளிக் கதவின் நினைவு கொஞ்சம் குறையும். ஆனாலும் வீடு திரும்பும் வழியில் கோபுரத்தைப் பார்த்ததும் நெஞ்சு கனக்கும். ‘இந்த ஆட்டுக்காரர் சாப்பிட்டாரு. எஞ்சாமி சாப்பிடலையே.’

ஐப்பசிப் பௌர்ணமி வந்தது. அன்றுதான் கரையீசருக்கு அன்னாபிஷேகம். சோற்றால் ஈசரின் திருமேனியை மூடி, சுற்றுவட்டாரத்தில் விளையும் காய்கனிகளையெல்லாம் சாத்தி அலங்கரிப்பார்கள். பிறகு அந்தச் சோறு ஊருக்கெல்லாம் பகிரப்படும். உழவர் சந்தைக்காரர்கள் ஆளுக்கொரு நல்ல காய் கொடுப்பது வழக்கம். இத்தனை ஆண்டுகளாக ஈசரின் தோளில் மாலைபோல் தொங்கியது பழனாத்தாள் அம்மையாரின் நீண்ட புடலைதான். இந்த ஆண்டு அதற்கு இடமில்லை.

காலையில் குருக்கள் கருவறைப் பூட்டைத் திறந்தார். சாவி அவர் இடுப்பிலேயே இருப்பது. விளக்கைத் தூண்டிவிட்டு, ஆவுடையாரைக் கழுவச் செம்போடு குனிந்தவர் அப்படியே நின்றார். முதல் நாள் இரவு துடைத்து வைத்த பீடத்தைச் சுற்றி, வாழைநார்க் கூடுகள் கட்டிய உருண்டைக் கற்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. நார் இன்னும் ஈரமாயிருந்தது. லிங்கத்தின் முன், வழக்கமாக நைவேத்தியம் வைக்கும் இடத்தில், ஆலிலைத் துண்டு ஒன்றில் நாலு உப்புக்கல் மிச்சமிருந்தது.

சந்தைக் கூடைகளோடு அப்போதுதான் மணியகாரர் வந்தார். பின்னாலேயே அரசாணிக்காயைத் தோளில் சுமந்துகொண்டு சிகாமணி வந்தார். “யாரு உள்ள வந்தது? இதென்ன கல்லு?” என்று சத்தமிட்ட மணியகாரர், குருக்கள் நீட்டிய ஒன்றைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்தார். அந்த நார்க்கூட்டை அவர் முன்பே பார்த்திருக்கிறார். தம் கையால் எறிந்திருக்கிறார்.

சிகாமணியின் தோளிலிருந்து காய் நழுவிற்று.

“அய்யா, அந்த ஆத்தா தப்புப் பண்ணலீங்க! தப்புப் பண்ணுனது நானுங்க!” என்று அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். “ஈரத்துணிக்குள்ள இருந்தது சாமி காய்ங்க. கலந்துரக் கூடாதுன்னு அதுல மட்டும் கல்லு இருக்கும். நீங்க எடுன்னீங்க, நாம்பயந்து நிறுத்துக் குடுத்துட்டனுங்க. அவங்க என்னயப் பாத்தாங்க, ஆனா என்ற பேரச் சொல்லலீங்க. பிள்ளைக்குக் கல்யாணம்னு… நானும் வாய மூடிட்டனுங்க!”

மணியகாரர் கல்லைக் குருக்களிடம் திருப்பிக் கொடுத்தார். “நாந்தானே எடுன்னேன்,” என்றார் பிறகு. “சாமிக்கு வெச்ச காய நாம்பிடுங்கித் தின்னுட்டு, அவங்களத் திருடின்னனே.”

மூவரும் தேடிப் போனபோது சந்தை வாசல் புளியமரத்தடியில் அம்மையார் இல்லை. படித்துறையில் இருந்தார். மடியில் காயும், கையில் உப்பு மடித்த இலையுமாக ஆற்றின் இரு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். மணியகாரர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் காலடியில் விழுந்தார். அம்மையார் பதறி எழுந்தார்.

“அய்யோ, என்னங் இது! எந்திரிங்க!”

“ஆத்தா, சிகாமணி எல்லாத்தயும் சொல்லிட்டான். என்ற புத்தி கெட்டுப் போச்சு. அட்டையத் திருப்பித் தரச் சொல்லறேன். இன்னிக்கு அன்னாபிஷேகம். உங்க காய் வந்தாத்தான் அலங்காரம். வாங்க ஆத்தா.”

இத்தனை நாள் ஏங்கிய சொல் அது. ஆனாலும் அம்மையார் தயங்கினார். முகத்தில் கவலை இருந்தது.

“வர்றனுங்க. ஆனா இது ஒருத்தருக்குன்னு வெச்ச காய்ங்க. ஒரு ஆட்டுக்காரரு தெனமும் வருவாரு. இன்னிக்கு இன்னும் காணோம். நாம்போயிட்டா அவரு பசியோட நிப்பாரே. நீங்க வேணும்னா முன்னால போங், அவரு வந்ததும் பாதி குடுத்துட்டு…”

அவர் கையிலிருந்த உப்பு மடித்த இலையைக் குருக்கள் பார்த்தார். “அம்மா, அவரு இன்னிக்கு இங்க வரமாட்டார். உங்களுக்காகத்தான் உள்ளே காத்துண்டிருக்கார்.”

அம்மையாருக்கு விளங்கவில்லை. குருக்கள் முன்னே நடக்க, பின்னே போனார். கருவறை வாசலில் நின்று விளக்கொளியில் பார்த்தார். தம் கையால் முடிந்த ஒவ்வொரு நார்க்கூடும் அங்கே இருந்தது. ஆலிலை இருந்தது. தாம் மடித்த மடிப்புக்கூட அதில் தெரிந்தது.

கூப்பிய கை கூப்பியபடியே இருந்தது. கண்ணீர் வழிய, பெற்ற தாய் பிள்ளையைக் கேட்பதுபோல் அவர் கேட்டார்:

“பச்சையாவா தின்னீங்க சாமி? பருப்புக்கூடப் போடாம, அத்தன நாளும் பச்சையாவா தின்னீங்க?”

அங்கே நின்றவர்களில் அழாதவர் இல்லை.

அன்று மடைப்பள்ளிக் கதவை மணியகாரர் தம் கையால் திறந்து வைத்தார். அம்மையாரின் காய்களில் ஒன்று ஈசரின் தோளில் மாலையாயிற்று. மடியில் வைத்திருந்ததை அவர் அதற்குக் கொடுக்கவில்லை. தாமே அரிந்து, பாசிப்பருப்பு வேகவைத்து, தேங்காய் அரைத்துவிட்டு, தம் வாழ்வில் முதன்முறையாக ஈசரின் அடுப்பில் கூட்டுச் செய்தார். நைவேத்தியம் ஆனபின் முதல் இலையைச் சிகாமணிக்குப் போட்டார். அவர் நிமிர்ந்து பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தபோது, “சாப்புடு சாமி. பிள்ளை கல்யாண விருந்துக்குக் காய் எம்பொறுப்பு” என்றார்.

உழவர் சந்தையில் அவருடைய பழைய இடம் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. ஈரத்துணிக்குள் இருக்கும் காயை அதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை. சந்தை கலைந்ததும் அவர் படித்துறையில் கொஞ்ச நேரம் உட்காருவதும் நிற்கவில்லை. மடியில் ஒரு மடிப்பு உப்பு எப்போதும் இருந்தது. ஆடு மேய்க்கிறவரோ, வழி தப்பியவரோ, யார் பசியோடு வந்தாலும், “ஊட்டுக்கு வாங்க, சமைச்சுத் தர்றேன்” என்பதே அவர் முதல் சொல்லாக இருந்தது.

பிறர் பிழையைத் தம் தலையில் ஏற்றுக்கொண்டு, ஒருவரையும் காட்டிக் கொடுக்காத வாய் அது. பெயர் தெரியாத பசிக்கு உப்பு மடித்துக் கொடுத்த கை அது. அந்தக் கைக்காகவே ஈசர் ஆட்டுக்கோலை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு இறங்கி வந்தார் என்றால், வேறென்ன சொல்லிப் போற்றுவது? பழனாத்தாள் அம்மையாரின் அந்த உப்புக்கை வாழ்க.